ஜப்பானிலிருந்து மொடல் கிட் வரவழைத்தால் கனடாவில் எவ்வளவு அறவிடுவார்கள், ஏன் தாமதமாகிறது?

கேள்வி கேட்டவர் பிரம்டனில் வசிக்கிறார். ஜப்பானியக் கடையொன்றிலிருந்து 90 டொலருக்குத் தமியா நிறுவனத்தின் 1/350 அளவுப் போர்க்கப்பல் மொடல் கிட் (துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரி) ஒன்றும், 35 டொலருக்கும் 25 டொலருக்குமாக இரண்டு விமானக் கிட்களும் வாங்க விரும்புகிறார். சுங்கம் எவ்வளவு வரும், அனுப்பும் கடையிடம் "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்லலாமா, டிசம்பர் விடுமுறைக்குள் பொதி வந்து சேருமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள். ஸ்காபரோவில் இருந்துகொண்டு பதினோரு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கீழே வரும் டொலர்கள் அனைத்தும் கனடிய டொலர்களே.

சுங்கத் தீர்வை என்று நாம் பயப்படுவது உங்கள் பெட்டியைப் பொறுத்தவரை பூச்சியம். உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் பண்டக் குறியீட்டு முறையில், அளவு குறைத்துச் செய்யப்பட்ட மாதிரிகளும் விளையாட்டுப் பொருட்களும் 9503 என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. பிளாஸ்டிக் மொடல் கிட்களுக்கு அந்தத் தலைப்பில் கனடா தீர்வை அறவிடுவதில்லை. எஞ்சுவது ஒன்டாரியோவின் 13 சதவீத ஒருங்கிணைந்த விற்பனை வரி மட்டுமே, அதாவது அதே கிட்டை ரொறன்ரோக் கடையில் வாங்கினாலும் நீங்கள் கட்டியிருக்கக்கூடிய அதே வரி. இன்னொரு சலுகையும் நமக்குண்டு. கனடா வரிக்கான மதிப்பைக் கணிக்கும்போது ஜப்பானிலிருந்து இங்கு வருவதற்கான கப்பல் அல்லது விமானக் கூலியைச் சேர்ப்பதில்லை. பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் பொருளின் விலையுடன் அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேர்ந்தே சுங்க மதிப்பாகின்றன. லண்டனில் இருக்கும் என் தம்பிக்கும் இதே பைத்தியம் உண்டு. பெரிய பெட்டி ஒன்றை வரவழைக்கும்போதெல்லாம் கூலிக்கும் சேர்த்து 20 சதவீதம் கட்டுகிறேன் என்று அவன் தொலைபேசியில் புலம்புவதைக் கேட்ட பிறகுதான், நமது நிலை அவ்வளவு மோசமில்லை என்பது எனக்கு உறைத்தது.

ஆகவே 150 டொலர் பொருளுக்கு வரி 19 டொலர் 50 சதம். பொதி அஞ்சல் வழியாக வந்து அதற்கு வரி விதிக்கப்பட்டால், கனடா போஸ்ட் அதை வசூலித்துக் கொடுப்பதற்காகப் பொதி ஒன்றுக்கு 9 டொலர் 95 சதம் கையாள் கட்டணம் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 29 டொலர் 45 சதம். இந்தக் கட்டணம் பொருளின் விலையைப் பார்த்து ஏறுவதோ இறங்குவதோ இல்லை என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். மூன்று கிட்களையும் மூன்று தனிப் பொதிகளாக வரவழைத்து மூன்றுக்கும் வரி விதிக்கப்பட்டால், வரி அதே 19 டொலர் 50 சதமாகவே இருக்கும், ஆனால் கையாள் கட்டணம் மும்மடங்காகி மொத்தம் 49 டொலர் 35 சதமாகிவிடும். 25 டொலர் விமானத்தைத் தனியாக எடுத்தால் வரி 3 டொலர் 25 சதம், அதை வாங்கிக் கொடுத்ததற்குக் கூலி 9 டொலர் 95 சதம்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அம்மா சொல்லும் பழமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

20 டொலருக்கு மேற்படாத அஞ்சல் பொதிக்கு வரியும் இல்லை, கட்டணமும் இல்லை. 40 டொலர் வரை வரி இல்லை, 150 டொலர் வரை தீர்வை இல்லை என்று பலர் சொல்வது 2020 ஜூலை 1 இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ கூரியர் மூலம் வரும் பொதிகளுக்கு மட்டுமே உரியது. ஜப்பான் பெட்டிக்கு அது பொருந்தாது. சில பொதிகள் எதுவும் அறவிடப்படாமலேயே வாசலுக்கு வந்துவிடுவதும் உண்டு. வந்தால் மகிழ்ச்சி, ஆனால் அதைக் கணக்கில் வைத்து வாங்காதீர்கள்.

இதுவரை சொன்னது அஞ்சல் கதை. கூரியர் கதை வேறு, புதிதாக வரவழைப்பவர்கள் பெரும்பாலும் சூடு காண்பதும் அங்கேதான். கடையின் இணையதளத்தில் கூரியர் கூலி அஞ்சல் கூலியைவிட இரண்டு டொலர் குறைவாகவும், மூன்றே நாளில் வரும் என்றும் காட்டும். நானும் ஒருமுறை அதை நம்பி 120 டொலர் விமானம் ஒன்றை அப்படி வரவழைத்தேன். மூன்றாம் நாளே பொதி வந்தது உண்மைதான். ஆனால் கதவடியில் நின்ற சாரதி நீட்டிய சீட்டில் வரி 15 டொலர் 60 சதம் என்றும், அதற்குக் கீழே சுங்கத் தரகுக் கட்டணம், எனக்காக வரியை முன்கூட்டிச் செலுத்தியதற்கான கட்டணம் என்று 28 டொலரும், அந்த 28 டொலருக்கும் தனியாக 13 சதவீத வரியும் அச்சிடப்பட்டிருந்தன. அரசுக்குப் பொருளின்மீது சேர்ந்தது 15 டொலர் 60 சதம். நான் கொடுத்தது 47 டொலர் 24 சதம். அந்த நிறுவனத்துடன் வாதாடிப் பயனில்லை, ஏனெனில் கட்டண அட்டவணை அவர்களுடைய தளத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்தது.

அந்தத் தரகுக் கட்டணத்தைத் தவிர்க்கச் சட்டப்படியான வழியொன்று உண்டு. தனிப்பட்ட பாவனைக்காக வரும் பொருளை நீங்களே சுங்கத்தில் கணக்குக் காட்டி விடுவித்துக்கொள்ளலாம். பொதி நாட்டுக்குள் வந்ததும், அது விடுவிக்கப்படும் முன்பே, கூரியர் நிறுவனத்திடம் நானே விடுவிக்கிறேன் என்று அறிவித்து, பொதியின் இலக்கங்களையும் ஆவணங்களையும் பெற்றுக்கொண்டு, கனடா எல்லைச் சேவைகள் முகமையின் அலுவலகம் ஒன்றுக்கு வாங்கிய பற்றுச்சீட்டுடனும் அடையாள அட்டையுடனும் சென்று வரியைக் கட்ட வேண்டும். அங்கு முத்திரையிட்டுத் தரும் தாளைக் கூரியர் களஞ்சியத்தில் காட்டிப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை 400 டொலர் பெறுமதியான பெட்டிக்காக விமான நிலையப் பக்கம் போய் இதைச் செய்திருக்கிறேன். அதிகாரி பத்து நிமிடத்தில் வேலையை முடித்து, பெட்டிக்குள் என்ன கப்பல் என்று ஆர்வத்துடன் விசாரிக்கவும் செய்தார். எனினும் அதற்கு முன் கூரியர் நிறுவனத்தின் தொலைபேசியில் காத்திருந்த நேரமும், அங்கும் இங்குமாக ஓடிய 401 நெடுஞ்சாலையும் சேர்ந்து அரை நாள் விடுப்பை விழுங்கிவிட்டன. பெரிய பெறுமதிக்கு மட்டுமே இது தகும். உங்கள் 150 டொலர் பெட்டிக்குத் தகாது.

எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலுள்ள பஃபலோ நகரில் ஒரு முகவரி வைத்துக்கொண்டு அங்கே இறக்கி, காரில் போய் எடுத்துவரலாம் என்ற யோசனையையும் சிலர் சொல்வார்கள். அது 800 அமெரிக்க டொலர் வரையான பொதிகளை அமெரிக்கா வரியின்றி உள்ளே விட்ட காலத்து யோசனை. 2025 ஆகஸ்ட் 29 உடன் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் முடிவுக்கு வந்துவிட்டது, ஆகவே இப்போது ஜப்பான் பெட்டி முதலில் அமெரிக்கத் தீர்வையைச் சந்திக்கும், பிறகு எல்லையில் நம்முடைய வரியையும் சந்திக்கும். காலையில் போய் மாலையில் திரும்புபவருக்குக் கனடாவில் எவ்வித விலக்கும் இல்லை. 24 மணி நேரம் வெளியே இருந்தால்தான் 200 டொலர், 48 மணி நேரம் இருந்தால் 800 டொலர்.

"அன்பளிப்பு" என்று எழுதச் சொல்லாதீர்கள். கனடாவில் 60 டொலர் வரையான அன்பளிப்புக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அது வெளிநாட்டிலுள்ள ஒருவர் இங்குள்ள இன்னொருவருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்புவதற்கு உரியது. நீங்களே பணம் கட்டிக் கடையில் வாங்கியதை அப்படி எழுதுவது பொய்யான அறிவிப்பு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் அவ்வாறே. பெரும்பாலான ஜப்பானியக் கடைகள் இதற்கு இணங்குவதில்லை என்பது ஒருபுறமிருக்க, 150 டொலர் பெட்டியை 30 டொலர் என்று எழுதி அது வழியில் நசுங்கிவிட்டால், நட்டஈட்டைக் கணக்கிடும்போதும் அந்த 30 டொலரே பேசும்.

அறிவிப்புப் படிவத்தில் எழுதப்படும் சில சொற்களும் இலக்கங்களும் எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய கிட். ஏலத்தில் விற்ற தனிநபர் ஒருவர், 4800 யென் என்று எழுத வேண்டிய இடத்தில் நாணயக் குறியீட்டை விட்டுவிட்டு வெறும் 4800 என்று எழுதி அனுப்பியிருந்தார். அது டொலராகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, வரியாக 624 டொலர் கேட்கும் தாளுடன் பெட்டி என் அஞ்சல் நிலையத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அத்தகைய நிலையில் இரண்டு வழிகள் உண்டு: கேட்டதைக் கட்டிவிட்டுப் பிறகு மீளளிப்புக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது பொதியை ஏற்க மறுத்து மறுமதிப்பீட்டுக்குத் திருப்பியனுப்பலாம். 624 டொலரைக் கட்டிவிட்டுக் காத்திருக்க எனக்கு மனமில்லை. கொடுப்பனவுப் பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துத் திருப்பியனுப்பினேன். ஐந்து வாரங்களின் பின் சரியான தொகையுடன் திரும்பி வந்தது. அன்றிலிருந்து தனிநபரிடம் வாங்கும்போதெல்லாம் நாணயத்தை எழுதுங்கள், "பொழுதுபோக்குப் பொருள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் "பிளாஸ்டிக் மொடல் கிட்" என்று எழுதுங்கள் என ஒரு வரி அனுப்பிவிடுகிறேன்.

இனித் தாமதம். பொதி நகராமல் நின்றால் எல்லோரும் "சுங்கத்தில் மாட்டிவிட்டது" என்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான காத்திருப்பு சுங்கத்துக்கு முன்பே நடக்கிறது. கண்காணிப்புப் பக்கத்தில் கவாசாகியிலுள்ள பன்னாட்டு அஞ்சல் நிலையத்திலிருந்து புறப்பட்டது என்று ஒரு பதிவு வரும், அதன்பின் ஒரு வாரம் எதுவும் வராது. புறப்பட்டது என்றால் விமானம் ஏறிவிட்டது என்று பொருளல்ல. அஞ்சல் பை மூடப்பட்டு, சரக்கு இடத்துக்காக நிற்கக்கூடும். இங்கு வந்திறங்கிய பின்னும் ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர் ஆகிய மூன்று பன்னாட்டு அஞ்சல் மையங்களில் ஒன்றில் பையைத் திறந்து ஒவ்வொரு பொதியையும் பதியும் வரை உங்கள் பெட்டி கணினிக்குத் தெரியாது. சுங்கப் பரிசீலனைக்கு ஒப்படைக்கப்பட்டது என்ற பதிவு வந்த பிறகே சுங்கத்தின் கணக்குத் தொடங்குகிறது, என் பெட்டிகளில் பெரும்பாலானவை அங்கிருந்து இரண்டு மூன்று நாட்களில் வெளியே வந்திருக்கின்றன.

2021 ஜனவரி முதல் பொருள் அடங்கிய பன்னாட்டு அஞ்சல் பொதிகளுக்குச் சுங்க விவரங்களை மின்னணு வடிவில் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. ஆகவே கையெழுத்துச் சீட்டு ஒட்டும் பழக்கமுள்ள விற்பனையாளரின் பொதி ஜப்பானை விட்டுப் புறப்படுவதே தடைப்படலாம். வேலைநிறுத்தம் வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது: 2024 நவம்பர் 15 தொடங்கி டிசம்பர் 17 இல் பணிகள் மீண்டும் ஆரம்பிக்கும் வரை கனடா போஸ்ட் முடங்கியிருந்தது, 2025 செப்டம்பர் 25 இல் மீண்டும் நாடு தழுவிய வேலைநிறுத்தம் தொடங்கியது. நத்தார் காலத்தை நம்பி வரவழைக்கும் நம்மைப் போன்றவர்கள் ஒப்பந்தப் பேச்சுவார்த்தைச் செய்திகளையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது.

கப்பலுக்கு வேண்டிய வண்ணத்தையும் பசையையும் அதே பெட்டியில் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தால் கைவிடுங்கள். லாக்கர் வகை வண்ணங்களும் அவற்றின் கரைப்பான்களும் எரியக்கூடிய திரவங்கள் என்பதால் விமான அஞ்சலில் அனுமதியில்லை. பரிசோதனையில் அகப்பட்டால் முழுப் பெட்டியும் அனுப்பியவரிடமே திரும்பிவிடும். அவற்றை இங்கேயே வாங்குங்கள்.

உங்களுடைய பெட்டிக்கு நான் செய்வது இதுதான்: மூன்று கிட்களையும் ஒன்றாகக் கட்டச் சொல்லி, அக்டோபர் இறுதிக்குள் ஈ.எம்.எஸ். எனப்படும் விரைவு அஞ்சலில் அனுப்பச் சொல்வேன். கப்பல் அஞ்சல் மலிவு என்றாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும், விடுமுறைக்கு உதவாது. கண்காணிப்பு இலக்கம் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஜப்பானைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளில் முடிந்தால் அது அஞ்சலில் வருகிறது என்று உறுதி. போர்க்கப்பலின் பெட்டி நீளமானது, ஆகவே கடை கூலியைக் கணக்கிடும்போது அது எடைக்கா அளவுக்கா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். வரிக்கும் கட்டணத்துக்குமாக 30 டொலரை ஒதுக்கி வையுங்கள், கொடுப்பனவுப் பற்றுச்சீட்டை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.