வாசகர் கேள்விகள்: திவாலான நாட்டுக்குக் கடன் கொடுத்தது யார்?

சுதந்திரப் போர் முடிந்தபோது அமெரிக்கா கடனில் மூழ்கிக் கிடந்தது. சில ஆண்டுகளிலேயே அதே நாட்டுக் கடன் பத்திரங்களை ஐரோப்பியர்கள் விரும்பி வாங்கினார்களே, எப்படி?
– வாசகர், கோவில்பட்டி

1780களில் காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. இறக்குமதிக்கு 5% சுங்கம் போட அனுமதி கேட்டபோது, ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் மறுத்துவிட்டது. பதின்மூன்று மாநிலங்களும் ஒப்பினால்தான் அன்றைய கூட்டமைப்பு விதிகளில் திருத்தம் செல்லும் என்பதால் விஷயம் அங்கேயே நின்றது. சம்பளத்துக்குப் பதிலாகப் போர்வீரர்களுக்குக் கொடுத்த ஒரு டாலர் பத்திரம் சந்தையில் 15, 20 சென்டுக்கு விலைபோனது இதனால்தான்.

புதிய அரசமைப்பின்படி கூடிய காங்கிரஸ் 1789 ஜூலையிலேயே சுங்கச் சட்டத்தை நிறைவேற்றியது. வருமானத்துக்கு வழி பிறந்தது. அடுத்த ஜனவரியில் கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் கணக்கை முன்வைத்தார்: வெளிநாட்டுக் கடன் சுமார் 1.17 கோடி டாலர், உள்நாட்டுக் கடன் 4 கோடிக்குச் சற்று மேல், மாநிலங்களின் கடன் ஏறக்குறைய 2.5 கோடி. மாநிலக் கடன்களையும் மத்திய அரசே ஏற்க வேண்டும் என்றார்.

அவர் அசலைத் திருப்பித் தர அவசரப்படவில்லை. பழைய பத்திரத்தைக் கொண்டுவந்து புதியதாக மாற்றிக்கொள்ளச் சொன்னார். 100 டாலர் அசல் வைத்திருந்தவருக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு உடனே 6% வட்டி, மிச்சப் பங்குக்கு 1801 முதல்தான் வட்டி. அதாவது முதல் பத்தாண்டு ஆண்டுக்கு 4 டாலர், பிறகு 6 டாலர். நிலுவை வட்டிக்குத் தனியாக 3% பத்திரம். அரசின் வருமானம் வளர அவகாசம் கிடைத்தது. பத்திரக்காரருக்கும் தவணை தவறாமல் காசு வந்தது. சந்தை விலை ஏறியதற்கு அந்தத் தவணை ஒழுங்குதான் காரணம்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்த தரகனுக்கு முழுத்தொகையா என்று கேட்ட பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன், அவனுக்குச் சந்தை விலையும், மீதி முதலில் பெற்ற வீரனுக்குமாகப் பிரிக்கச் சொன்னார். நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் கைமாறிய பத்திரத்தில் பாதியை அரசு பிடித்துக்கொண்டால் அடுத்த பத்திரத்தை யார் வாங்குவார்? பிரதிநிதிகள் அவை 36–13 வாக்குகளில் அவர் யோசனையை நிராகரித்தது. மாநிலக் கடன்களை ஏற்பதோ முதலில் தோற்றே போனது. ஏற்கெனவே பெரும்பகுதியை அடைத்திருந்த வர்ஜீனியா, பிறர் கடனுக்கு நாங்கள் ஏன் அழ வேண்டும் என்றது. தலைநகரை வர்ஜீனியாவை ஒட்டிய பொட்டோமாக் ஆற்றங்கரைக்குத் தருவதாகப் பேசி முடித்த பிறகே 1790 ஆகஸ்டில் சட்டமானது.

1791இல் தொடங்கிய ‘பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’ அரசு வங்கியா, தனியார் வங்கியா?
– வாசகி, மன்னார்குடி

பெரும்பாலும் தனியார். மூலதனம் 1 கோடி டாலர். தலா 400 டாலராக 25,000 பங்குகள். ஐந்தில் ஒரு பங்கு அரசுடையது. அதற்கான 20 லட்சத்தையும் அரசு அந்த வங்கியிடமே கடன் வாங்கிப் பத்து ஆண்டுத் தவணையில் கட்டியது! தனியார் பங்குக்கு நான்கில் ஒரு பகுதியை நாணயமாகவும், மூன்று பகுதியை மேலே சொன்ன 6% பத்திரமாகவும் செலுத்தலாம். பத்திரத்துக்குத் தேவையை உண்டாக்கும் தந்திரம் அது.

முன்பணம் 25 டாலர் மட்டுமே என்பது கோளாறானது. முன்பணத்துக்கு ஜூலையில் கொடுத்த 25 டாலர் சீட்டு ஆகஸ்டில் 250ஐத் தாண்டி, பிறகு சரிந்தது. கருவூலத்தில் உதவிச் செயலராக இருந்த வில்லியம் டூயர் கடன் வாங்கிச் சூதாடி 1792 மார்ச்சில் நொடித்துச் சிறைக்குப் போனார். கடன் அடைப்பு நிதியிலிருந்து பத்திரங்களை வாங்கச் செய்து ஹாமில்டன் வீழ்ச்சியைத் தடுத்தார். நியூயார்க் பங்குச் சந்தைக்கு வித்திட்ட, தரகர்கள் 24 பேர் கையெழுத்திட்ட பட்டன்வுட் ஒப்பந்தம், அதே ஆண்டு மே மாதத்தது.

விஸ்கி வரிக்காகவா கலகம் செய்தார்கள்?
– வாசகர், பரமக்குடி

குடிக்காக என்று நினைத்தால் தவறு. பென்சில்வேனியாவின் மேற்கே நாணயம் அரிது. விஸ்கியே பணம்போல் புழங்கியது. மலை தாண்டிக் ‘ரை’ என்ற தானியத்தை மூட்டையாகக் கொண்டுபோனால் கூலிகூடத் தேறாது. காய்ச்சினால் பல மூட்டைத் தானியத்தின் மதிப்பு ஒரே குதிரையில் ஏறிவிடும்.

1791 சட்டப்படி நாட்டுப்புறத்தில் விஸ்கி காய்ச்சும் வடிகலனுக்கு அதன் கொள்ளளவில் ஒவ்வொரு காலனுக்கும் ஆண்டுக்கு 60 சென்ட், இல்லையேல் காய்ச்சிய காலனுக்கு 9 சென்ட். ஆண்டு முழுக்கக் கலனை ஓட்டும் பெரிய ஆலைக்கு முதலில் சொன்ன ஆண்டு வரியே லாபம். அறுவடைக்குப் பின் சில வாரம் காய்ச்சும் உழவனுக்கு இரண்டுமே சுமை. அதையும் நாணயமாகக் கட்ட வேண்டும். வழக்கு வந்தால் மலைக்கு அப்பால் பிலடெல்பியா வரை நடக்க வேண்டும். வரி அதிகாரி ஜான் நெவிலின் வீடு 1794 ஜூலையில் எரிந்தது. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டினார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்த்து நிற்க ஆளில்லை. தேசத்துரோகத் தண்டனை பெற்ற இருவருக்கும் மன்னிப்பு கிடைத்தது. 1802இல் வரியே நீங்கியது.

கடனை வெறுத்த குடியரசுத் தலைவர் ஜெபர்சன், பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பைக் கடனில் வாங்கியது முரண் இல்லையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

முரண்தான். 1803இல் பேசிய 1.5 கோடி டாலரில் 1.125 கோடி 6% பத்திரங்களே. மிச்சம், பிரான்ஸ் தங்களுக்குத் தர வேண்டியதாக அமெரிக்கர்கள் கோரிய பாக்கி. அந்தப் பத்திரங்களை ஏற்று நெப்போலியனுக்குக் காசு கொடுத்தவை லண்டனின் பேரிங், ஆம்ஸ்டர்டாமின் ஹோப் என்ற வங்கி நிறுவனங்கள். ஹாமில்டன் சம்பாதித்துவைத்த நல்ல பெயர் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனாலும் ஜெபர்சனின் கருவூலச் செயலர் ஆல்பர்ட் காலட்டின் கெட்டிக்காரர், 1801இல் 8.3 கோடியாக இருந்த கடன் 1812க்குள் சுமார் 4.5 கோடிக்கு இறங்கியது. 1807 டிசம்பரில் கப்பல்களைத் துறைமுகத்தில் முடக்கிய தடைதான் பெரிய தவறு: ஏற்றுமதி 10.8 கோடியிலிருந்து மறு ஆண்டு 2.2 கோடிக்கு விழுந்தது.

வங்கியின் உரிமம் 1811இல் ஒரே வாக்கில் புதுப்பிக்கப்படாமல் போனது. அடுத்த ஆண்டே பிரிட்டனோடு போர். கடன் வாங்கித் தர தேசிய வங்கி இல்லை. போர் முடிந்தபோது கடன் 12 கோடியைத் தாண்டியிருந்தது. 1816இல் 3.5 கோடி டாலர் மூலதனத்தில் இரண்டாம் வங்கிக்கு அனுமதி தந்து கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர், முதல் வங்கி அரசமைப்புக்கு விரோதம் என்று 1791இல் வாதாடிய அதே மேடிசன்.