அப்பாவுக்கு ஐந்து வாரமாகக் காய்ச்சல், காரணம் தெரியவில்லை. பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அது புற்றுநோய்க்குத்தானே எடுப்பார்கள்?

புற்றுநோய்க்கு மட்டும் இல்லை. எங்கள் அப்பாவுக்கும் இதே நிலைமைதான். ஆறு வாரம், சாயங்காலம் ஆனால் 101, 102. டைபாய்டு, மலேரியா, ரத்தக் கல்ச்சர், எக்கோ என்று எல்லாம் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவந்த காய்ச்சல் கணக்கு மட்டும் நீண்டுகொண்டே போனது.

பெட் ஸ்கேன் என்றதும் அம்மா அழுதுவிட்டார். அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். அது சேரும் இடம் படத்தில் தெரியும். புற்றுநோய்ச் செல்களைப் போலவே, அழற்சி உள்ள இடத்தில் கூடும் வெள்ளை அணுக்களும் சர்க்கரையை அள்ளி விழுங்கும். அதனால் காசநோய், ரத்தக்குழாய் அழற்சி, உள்ளே ஒளிந்திருக்கும் சீழ்க்கட்டி எல்லாமே தெரிய வாய்ப்புண்டு.

ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ஊசி போட்டு ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். தசை வேலை செய்தால் சர்க்கரை அங்கே போய்விடுமாம். ஓயாமல் பேசும் அப்பா கம்பளிக்குள் கண்ணை மூடிக் கிடந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தது இன்னும் மனதில் இருக்கிறது.

படத்தில் மூளையும் சிறுநீர்ப்பையும் கன்னங்கரேல் என்று இருந்தன. பதறிப்போனேன். அது எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். மூளை எப்போதும் சர்க்கரையில் ஓடுகிறது, மருந்து சிறுநீரில் வெளியேறுகிறது. அப்புறம் நடு நெஞ்சில், மூச்சுக்குழாய் ஓரம், நாலைந்து கரும்புள்ளிகளைக் காட்டினார். நிணநீர்க் கணுக்கள். எக்ஸ்ரேயில் அவை தெரியவே இல்லை.

ஆனால் ஸ்கேன் இடத்தைத்தான் காட்டும், நோயின் பெயரைச் சொல்லாது. காசநோய், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் மூன்றும் அதில் ஒரே மாதிரி தெரியலாம். மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்த பிறகுதான் காசநோய் என்று உறுதியானது. மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம் காய்ச்சல் நின்றது.

ஒன்று மட்டும் மறக்காமல் கேளுங்கள். ஸ்கேனுக்கு முன்பே ஸ்டீராய்டு தொடங்கினால் அழற்சி அடங்கி, படத்தில் தெரியாமல் போகலாம். பார்வை மங்குவது போன்ற அவசரம் இல்லையென்றால், ஸ்கேன் முடிந்தபின் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா? இருந்தால் ஸ்கேன் சென்டரில் இன்றே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேறு நாளைக்கு வரச் சொல்லிவிடுவார்கள்.