தொட்டியில் மை இருக்கிறது, தாளில் வெள்ளைக் கோடு ஏன்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய பட்டணத்தில் வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறேன். நாற்பது பிள்ளைகள். பயிற்சித்தாள் அடிக்க, தொட்டியில் மை ஊற்றும் கலர் பிரிண்டர் வாங்கினேன். இடி மின்னலுக்குப் பயந்து, வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவேன். பள்ளி விடுமுறை முடிந்து திறந்தால் எழுத்துகளின் நடுவே வெள்ளைக் கோடு. மை பாதிக்கு மேல் இருக்கிறது. பழுது பார்ப்பவர், 'ஹெட் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க' என்கிறார். லேசர் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா? கோயில் கமிட்டிக்கு நகலோடு ரசீதும் அடித்துத் தர வேண்டும்.

பதில்: சகோதரி, புதிது வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தச் சுவர் சுவிட்சில்தான் எனக்குச் சந்தேகம்.

உங்களிடம் இருப்பது இன்க்ஜெட். அதன் மைத்தலையின் (பழுது பார்ப்பவர் சொன்ன 'ஹெட்' இதுதான்) அடியில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கேனன், ஹெச்பி இன்க்ஜெட்டுகளில் ஒவ்வொரு துளைக்குள்ளும் மை ஒரு கணம் சூடாகிக் குமிழி விடும். அந்தக் குமிழி ஒரு சொட்டைத் தாளில் தள்ளும். எப்சன், பிரதர் இன்க்ஜெட்டுகளில் சூடு கிடையாது. மின்சாரம் பட்டதும் நெளியும் ஒருவகைப் படிகம் மையைப் பிதுக்கித் தள்ளும். எந்த வகையானாலும் அது ஈரமான மை. காற்றுப் பட்டால் துளையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

அப்படிக் காயாமல் இருக்கத்தான் உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. பிரிண்டரில் உள்ள பொத்தானை அழுத்தி அணைத்துப் பாருங்கள். 'கிர்ர்' என்று மைத்தலை ஓரத்துக்கு நகர்ந்து, சின்ன ரப்பர் மூடியின் மேல் 'டக்' என்று உட்காரும். பேனாவுக்கு மூடி போடுவது போலத்தான். அச்சடித்த கையோடு சுவர் சுவிட்சைத் தட்டினால் தலை அந்த மூடியைப் போய்ச் சேராமல் வழியிலேயே நின்றுவிடலாம். ஒரு மாத விடுமுறை முழுக்க மூடாத பேனாவாகக் கிடந்தால் என்ன ஆகும்? நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடுதான்.

இடிக்குப் பயப்படுவது சரியே. நம் ஊரில் சாயங்கால மழை இடியோடுதான் வருகிறது. முதலில் பிரிண்டரின் பொத்தானால் அணையுங்கள், 'டக்' சத்தம் கேட்கட்டும், பிறகு மூன்று முள் பிளக்கையே உருவிவிடுங்கள்.

இப்போதுள்ள அடைப்புக்கு, பிரிண்டரின் மெனுவில் 'ஹெட் கிளீனிங்' இருக்கும். ஒருமுறை ஓட்டிவிட்டு, துளைகள் சரியாக இருக்கின்றனவா என்று காட்டும் 'நாசில் செக்' தாளை அடித்துப் பாருங்கள். கோடுகள் இன்னும் விட்டுவிட்டு வந்தால் இன்னொரு முறை ஓட்டலாம். அதற்கும் சரியாகாவிட்டால் அணைத்துவிட்டு, ஓர் இரவு கழித்து மறுபடி பாருங்கள். ஆத்திரத்தில் பத்து முறை ஓட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் நல்ல மையை உறிஞ்சி, உள்ளே இருக்கும் பஞ்சில்தான் கொட்டுகிறது. பஞ்சு நிறைந்தால் பிரிண்டர் வேலை செய்ய மறுத்துவிடும். இத்தனைக்கும் சரியாகாவிட்டால்தான் ஹெட்டை மாற்றும் பேச்சு. சில மாடல்களில் ஹெட்டை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி லேசர். இதில் ஈரமே இல்லை. பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை ஒட்டவைத்து நாம் எல்லோரும் விளையாடியிருக்கிறோம் அல்லவா, அந்த நிலைமின்சாரம்தான் இதன் உயிர். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, அதன்மேல் ஒளி பாய்ச்சி, பொடி தூவி, அன்றைய தேதியையும் ஊர்ப்பெயரையும் தாளில் பதித்தார். காப்புரிமைத் தாள்களுக்கு நகல் எடுத்து எடுத்துச் சலித்துப்போனவர் அவர். இன்றைய லேசரிலும் அதே சங்கதிதான். மின்னேற்றிய உருளையில் லேசர் ஒளி எழுத்துகளை வரையும்; ஒளி பட்ட இடத்தில் டோனர் பொடி ஒட்டும்; உருளையிலிருந்து பொடி தாளுக்கு மாறும்; கடைசியில் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். டோனர் என்பது பெரும்பாலும் நுண்ணிய பிளாஸ்டிக் தூள். அதனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காயாது. பிள்ளைகள் மழையில் நனைந்தபடி எடுத்துப் போனாலும் எழுத்து கரையாது. சாய வகை இன்க்ஜெட் மை அந்த மழையில் நீலமாக வழிந்துவிடும்.

நாற்பது பிள்ளைகள், பெரும்பாலும் கறுப்பு எழுத்து, நடுவே நீண்ட விடுமுறை. உங்களுக்குக் கறுப்பு வெள்ளை லேசர்தான் பொருத்தம் என்பேன். கலர் லேசர் வேண்டாம். நான்கு டோனர் மாற்றும் செலவு டியூஷன் காசுக்குக் கட்டாது. கடையில் விலை கேட்கும்போது மெஷின் எத்தனை வெள்ளி என்பதோடு, டோனர் எத்தனை வெள்ளி, எத்தனை பக்கம் வரும் என்றும் கேளுங்கள். பெட்டியோடு வரும் டோனர் பல மாடல்களில் முழு அளவு இருக்காது. டப்பாவில் போட்டிருக்கும் பக்கக் கணக்கும், தாளில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே கறுப்பு என்று வைத்துச் சொன்னது. கட்டமும் படமும் நிறைந்த பயிற்சித்தாளுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும். பொடி கைபட்டுச் சிந்தினால் வெந்நீரில் கழுவாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் போதும்.

பழைய இன்க்ஜெட் சரியானால் அதைக் கலருக்கு வைத்துக்கொண்டு, விடுமுறையிலும் வாரம் ஒரு கலர் பக்கம் அடித்துவாருங்கள்.

கோயில் ரசீதுக்கு இந்த இரண்டுமே ஆகாது. அடித்தாளில் நகல் விழ வேண்டுமானால் மேல்தாளை ஏதாவது தட்ட வேண்டும். அப்படித் தட்டுவது டாட் மேட்ரிக்ஸ் என்ற பழைய வகைப் பிரிண்டர். அதில் 9 அல்லது 24 ஊசிகள் மை ரிப்பனைத் தட்டுகின்றன. ஓரத்தில் ஓட்டை போட்ட தாளும் 'டர்ர்' சத்தமும் நினைவிருக்கும். கமிட்டிக்கு மாதம் ஒரு புத்தகம் ரசீதுதான் தேவை என்றால், அச்சகத்தில் நகல் புத்தகம் அடித்து வாங்குவதே மலிவு. கடைகளில் பில் தரும் தெர்மல் மெஷின் வேண்டாம். சூடு பட்டுக் கறுக்கும் தாள் அது. காரின் முன்கண்ணாடி அருகே ஒரு மதியம் கிடந்தாலே கெட்டுவிடும். கணக்குக் காட்ட ரசீது கையில் இருக்காது.

கடைசியாகத் தாள். பிரித்த கட்டை அப்படியே மேசையில் விட்டால் நம் ஊர் ஈரக்காற்றைக் குடித்துவிடும். அப்புறம் லேசரின் சூட்டில் சுருண்டு சிக்கும், எழுத்தும் திட்டுத் திட்டாக மங்கும். மீதித் தாளை உறையோடு மடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.