உயர்த்திய ஜிப்ஸியில் ஸ்டியரிங் உதறல்: டேம்பர் வாங்கலாமா?

கேள்வி: என் மாருதி ஜிப்ஸிக்கு நீளமான ஷாக்கிள் (வில்பட்டையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கொக்கி) போட்டு 2 அங்குலம் உயர்த்தினேன். 235/75 ஆர்15 டயரும் மாற்றினேன். அதிலிருந்து 65 கி.மீ. வேகத்தில் பாலத்து இணைப்பில் ஏறி இறங்கினாலே ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொள்வதுபோல் உதறுகிறது. வேகத்தை 40-க்குக் குறைத்தால்தான் நிற்கிறது. இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தாயிற்று. ஸ்டியரிங் டேம்பர் போட்டால் சரியாகிவிடும் என்று புதுச்சேரியில் ஒரு கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். டேம்பர் என்பது ஒரு சின்ன ஷாக் அப்சார்பர், அவ்வளவுதான். உதறலை அமுக்கும், உதறலுக்குக் காரணமான ஆட்டத்தை, அதாவது மூட்டுத் தளர்வை, தொடாது. நான்கைந்து மாதம் நிம்மதியாக ஓட்டுவீர்கள். அதற்குள் தேய்ந்த மூட்டு இன்னும் தேய்ந்து, ஒருநாள் நெடுஞ்சாலையில் கழன்றே போகலாம். கம்பெனியே டேம்பர் வைத்து அனுப்பும் ஜீப்புகள் உண்டு. ஆனால் அவற்றின் மூட்டுகள் இறுக்கமாக இருக்கும்போதுதான் அதற்கு வேலை.

80, 90 கி.மீ.யில் சீராக நடுங்கினால் வீல் பேலன்ஸ், ரிம் பக்கம் பார்க்க வேண்டும். பொம்மையார்பாளையம் செம்மண்ணில் இறங்கிவிட்டு வந்தவர்கள் முதலில் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள். காய்ந்து ஒட்டிய மண் ஒன்றே போதும். பிரேக் மிதித்தால் மட்டும் நடுக்கம் என்றால் டிஸ்க். உங்களுடையது இரண்டுமில்லை. ஒரு மேடு தட்டியதும் கிளம்பி, வேகம் குறையும்வரை நிற்காத உதறல் முன் ஆக்சிலில் எங்கோ ஆட்டம் இருப்பதைக் காட்டுகிறது. அது பழைய டயரிலும் இருந்திருக்கும். கனமான புது டயர் அதை வெளியே கொண்டுவந்துவிட்டது.

உயர்த்தியதிலும் ஒரு பங்கு உண்டு. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேராகப் போக உதவுகிறது. உங்கள் முன் சக்கரத்துக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. மெக்கானிக்குகள் காஸ்டர் என்பார்கள். ஷாக்கிளை நீட்டும்போது ஆக்சில் லேசாகச் சுழன்றுவிடும். சாய்வு குறையும் பக்கம் சுழன்றிருந்தால் சக்கரம் தானாக நேரே வராது. வில்பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சரிவான ஆப்புத் தகடு வைத்து அதைச் சரிசெய்யலாம். ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது.

வண்டி தரையில் நிற்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதாக, வேகமாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து டை ராட் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) எண்ட், டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட், பட்டையின் புஷ் என்று ஒவ்வொன்றின் மேலும் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு.

எதுவும் ஆடவில்லை என்றால் 'எல்லாம் சரி' என்று எழுந்துவிடாதீர்கள். ஜிப்ஸி வகை ஆக்சிலில் இந்த ஒரு விதிவிலக்கு முக்கியம். கிங்பின்னின் மேலும் கீழும் உள்ள பேரிங்குகள் ஒரு குறிப்பிட்ட இறுக்கத்தில் இருக்க வேண்டும். அது குறைந்தால் கையில் ஆட்டம் எதுவும் தெரியாது; ஆனால் சக்கரம் திரும்புவதற்குத் தடை இருக்காது, உதறல் மட்டும் வரும். இதை அளக்கப் பெரிய மெஷின் வேண்டாம். சக்கரத்தைத் தூக்கி, டை ராடைக் கழற்றி, அது மாட்டும் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கோத்து, எவ்வளவு இழுத்தால் திரும்பத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். சரியான அளவு கம்பெனி மேனுவலில் இருக்கிறது. தளர்வாக இருந்தால் கிங்பின்னுக்கு அடியில் உள்ள ஷிம் என்ற மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்தால் இறுக்கம் கூடும். பேரிங் குழி விழுந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். ஷிம்மை எடுத்து ஒப்பேற்றக் கூடாது. நம் கடலோரத்தில் உப்புத்தண்ணீர் உள்ளே போய் கிரீஸ் கெட்டுப்போவதால் இதை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். கேட்டால் 'தராசா, எதுக்கு?' என்று சிரிக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

அலைன்மென்ட்டுக்கு இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறீர்கள். இந்த ஆக்சிலில் அந்த மெஷின்காரர் திருத்தக்கூடியது டோ ஒன்றைத்தான், அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை. மற்ற எண்களெல்லாம் கணினி காட்டும், காகிதத்தில் அச்சாகும், பில்லும் வரும். ஆனால் எதுவும் மாறியிருக்காது. மூட்டு ஆடும் வண்டியில் எடுத்த அளவு அடுத்த பள்ளத்திலேயே மாறிவிடும். இதைச் சொல்லாமல் காசு வாங்குவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

உயர்த்தியதையும் டயரையும் 'ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறேன்' என்று புரோக்கர் யாராவது வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. புரோக்கரிடம் போகிற பணம் இதை மாற்றாது. சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும், ஷாக்கிள் மாற்றித் தரும் கடைக்காரரிடம் 'காஸ்டர் அளந்தாயா?' என்று ஒருவரும் கேட்பதில்லை. சாலைச் சோதனையில் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புப் பேப்பரைப் பார்ப்பார்கள். டை ராடைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

சரியாகும்வரை 50-ஐத் தாண்டாதீர்கள், குடும்பத்தோடு சிதம்பரம் பக்கம் கிளம்பாதீர்கள். உதறல் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாக இறங்க விடுங்கள். மெக்கானிக்கிடம் 'ஆட்டத்தை என் கையால் தொட்டுக் காட்டுங்கள், பிறகு பார்ட்ஸ் எழுதுங்கள்' என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆப்புத் தகடு வைத்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டையின் யூ-போல்ட்டுகளை மறுபடி டைட் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.