நுகர்வோர் கேள்வி-பதில்: கண்காட்சிக் கோழிக்கு என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி: மூன்று வார வயதுள்ள பிரம்மா இனக் கோழிக் குஞ்சுகளை 'ஷோ குவாலிட்டி' என்று கூறி, சாதாரணக் குஞ்சின் விலையைப்போல் ஐந்து மடங்கு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். மூன்று வாரக் குஞ்சைக் கண்காட்சித் தரம் என்று எவராலும் சொல்ல இயலாது. அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கமான அமெரிக்கன் போல்ட்ரி அசோசியேஷன் 1874-இல் முதன்முதலாக வெளியிட்ட இன வரையறைகள் தொடங்கி இன்று வரை, நடுவர்கள் கையில் வைத்திருப்பவை முதிர்ந்த பறவைக்காக எழுதப்பட்டவை: கொண்டையின் வடிவம், முதுகின் சாய்வு, வாலின் கோணம், இறகின் நிறம், உடல் எடை. பெரும்பாலான இனங்களில் இவை தெளிவாகத் தெரிய ஆறேழு மாதங்களாவது ஆகும்; பிரம்மா, கொச்சின் போன்ற பெரிய இனங்கள் முழு உருவம் பெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். குஞ்சுப் பருவத்தில் செய்யக்கூடியது தகுதியற்றதைக் கழிப்பது மட்டுமே. ஐந்து விரல் இருக்க வேண்டிய சில்கி இனக் குஞ்சுக்கு நான்கு விரல் இருந்தாலோ, அலகு கோணியிருந்தாலோ அது அப்போதே தெரிந்துவிடும்.

நல்ல வளர்ப்பாளர் ஒரு பருவத்தில் பொரித்த குஞ்சுகளில் மிகச் சிலவற்றையே தமக்கென நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை வளர வளரக் கழித்துவிடுகிறார். வளர்ந்த பறவைக்கு அவர் கேட்கும் உயர்ந்த விலையில், கழித்தவை தின்ற தீவனமும் பல மாதக் கவனிப்பும் அடங்கியிருக்கின்றன. அதனால் அந்த விலை நியாயமானது. அந்தத் தேர்வு நடப்பதற்கு முன்பே அதே விலையைக் கேட்பது, செய்யாத வேலைக்குக் கூலி கேட்பதாகும். 'கண்காட்சிப் பறவைகளின் குஞ்சுகள்' என்று வேண்டுமானால் அவர் சொல்லட்டும். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்போதும் தாய், தந்தை இரண்டையும், முந்தைய ஆண்டில் அதே இணைக்குப் பிறந்து வளர்ந்தவற்றையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் சாதாரணக் குஞ்சின் விலைக்கு மேல் ஒரு காசும் தராதீர்கள். 'ஷோ குவாலிட்டி' என்ற சொல்லை நம்பி வாங்கி, ஓராண்டு ஆசையாக வளர்த்து, கண்காட்சியில் தகுதி நீக்கப்பட்ட பறவையோடு வீடு திரும்பி, அத்தோடு கோழி வளர்ப்பையே விட்டவர்கள் எனக்கு எழுதுகிறார்கள். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் இவ்வளவு கடுமையாக இருக்கிறேன்.

கேள்வி: நீல நிற ஆர்பிங்டன் ஜோடி வாங்கினேன். குஞ்சுகளில் கறுப்பும் வருகிறது, வெள்ளையில் நீலத் தெறிப்பும் வருகிறது. கலப்பினத்தைக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: இல்லை. நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் சராசரியாகப் பாதி நீலமாகவும், கால்பங்கு கறுப்பாகவும், கால்பங்கு தெறிப்பு நிறமாகவும் பிறக்கும். எல்லாக் குஞ்சுகளும் நீலமாக வேண்டுமென்றால் கறுப்பையும் தெறிப்பையும் சேர்க்க வேண்டும். 'இந்த நீல ஜோடியின் முட்டைகள் அத்தனையும் நீலமாகவே பொரிக்கும்' என்று உறுதி கூறி, அதற்காகவே கூடுதல் விலை வாங்கிக்கொண்டு எனக்கு அடைமுட்டை விற்றவர் ஒருவர் உண்டு. உங்களுக்கு விற்றவர் அப்படி வாக்குக் கொடுத்திருந்தால் கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேளுங்கள். இல்லையென்றால் அவர்மேல் குற்றமில்லை.

கேள்வி: கூரியரில் வந்த 12 அடைமுட்டைகளில் 3 மட்டுமே பொரித்தன. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: பொரிக்காத ஒன்பதையும் உடைத்துப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கரு உருவானதற்கான அடையாளமே இல்லையென்றால் கேளுங்கள். சேவல் பயன்படவில்லை என்பதை விற்றவர் அறிந்திருக்க வேண்டும். கரு வளர்ந்து இடையில் இறந்திருந்தால், பயணக் குலுக்கலும் உங்கள் இன்குபேட்டரும் காரணமாக இருக்கலாம். வந்த முட்டைகளைக் கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் நிறுத்திவைத்த பிறகே அடைவைக்க வேண்டும். வந்த வேகத்தில் இயந்திரத்தில் அடுக்கிவிட்டு விற்றவரைக் குறை சொல்வது முறையில்லை.

கேள்வி: படத்தில் பார்த்த சேவல் வேறு, வந்த சேவல் வேறு. முழுப் பணமும் அனுப்பிவிட்டேன்.

பதில்: பறவையின் காலில் போடும் அடையாள வளையத்தின் எண் தெளிவாகத் தெரியாத படத்தை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது.

கேள்வி: பரிசு பெற்ற, பார்ட்ரிட்ஜ் நிறத்து வயான்டாட் இனச் சேவலையும், பரிசு பெற்ற பெட்டையையும் ஜோடியாகப் பெரும் விலை கொடுத்து வாங்கினேன். குஞ்சுகள் வளர்ந்த பின் ஒன்றுகூடப் பெற்றோர் தரத்தில் இல்லை. என் வளர்ப்பில் குறையா?

பதில்: உங்கள்மேல் குறை இல்லை, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். இந்த நிறத்தில் சேவலுக்கு மார்பு முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். பெட்டைக்கு ஒவ்வோர் இறகிலும் நுண்ணிய கோடுகள் ஓட வேண்டும். இந்த இரண்டையும் ஒரே இணையிலிருந்து பெறுவது கடினம் என்பதால், நல்ல சேவல்களைப் பெறுவதற்கென்று ஒரு வரிசையும் (வழிவழியாகத் தேர்ந்தெடுத்த பரம்பரை), நல்ல பெட்டைகளைப் பெறுவதற்கென்று ஒரு வரிசையும் தனித்தனியாக வளர்ப்பது பழைய வழக்கம். இரு வரிசைகளின் சிறந்த பறவைகளைச் சேர்த்தால் இரண்டு அழகும் கெடும். பரிசு வாங்கும் அளவுக்கு இந்த இனத்தை அறிந்தவர் இதை அறியாமல் இருக்க முடியாது. பெட்டையை அவரிடமே கொடுத்து, உங்கள் சேவலின் வரிசையைச் சேர்ந்த பெட்டையைக் கேளுங்கள். அது பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும், விலையும் குறைவாக இருக்க வேண்டும்.

கேள்வி: புதிய சேவலை வாங்கி வந்த அன்றே மற்றவற்றோடு விட்டேன். இப்போது எல்லாவற்றுக்கும் மூக்கு ஒழுகுகிறது. விற்றவரிடம் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: நோய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இனி எப்படி நிறுவுவீர்கள்? முப்பது நாள் தனியாக வைத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் சொல்லப்படுவதுதான். கால்நடை மருத்துவரிடம், கோழிகளுக்கு மூச்சு நோய் தரும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்கான சோதனை செய்யுங்கள். அது முட்டை வழியாகவும் பரவும் என்பதால், முடிவு வரும்வரை ஒரு முட்டையைக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நண்பரான வளர்ப்பாளர் என் வரிசையிலிருந்து ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் கேட்கிறார். விலை சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: கொடுங்கள். நோயோ கீரியோ ஓர் இரவில் உங்கள் கூட்டைக் காலி செய்தால், பல ஆண்டுத் தேர்வு அவரிடமாவது பிழைத்திருக்கும். தீவனச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு, அடுத்த பருவக் குஞ்சுகளில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு ஜோடி உங்களுக்கு வர வேண்டும் என்றும், மூன்றாமவருக்கு விற்பதற்கு முன் உங்களிடம் கேட்க வேண்டும் என்றும், பறவை இறந்தால் இழப்பு யாருடையது என்றும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெட்டைகள் உங்களிடம் வேறு சேவலோடு இருந்திருந்தால், பிரித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அதன் வித்து முட்டைகளில் வரும். அந்த முட்டைகளை அடைவைக்க வேண்டாம் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.