ஆறு பேர்

அன்புள்ள ஐயா,

1720ஆம் ஆண்டு ஜமைக்காவை ஒட்டிய கடலில் நடக்கும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி கடற்கொள்ளைக் கப்பலின் தலைவி; சண்டையில் வலது கையை இழந்தவள். அந்தக் காலத்துக் கடற்கொள்ளைக்காரிகள் ஆன் போனி, மேரி ரீட் இருவரையும் பற்றிப் படித்துவிட்டுத்தான் அவளை உருவாக்கினேன். கதாபாத்திரத்தைப் பேட்டி எடுத்தால் அதற்கு உயிர் வரும் என்று ஒரு பயிலரங்கில் சொன்னார்கள். 25 கேள்விகள் தயாரித்திருக்கிறேன். ‘உன் காயம் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தது?’, ‘கடல் உனக்கு விடுதலையா, தப்பித்தலா?’, ‘ஆறாத வடுவோடு எப்படி வாழ்கிறாய்?’ என்பது போன்றவை. முதல் அத்தியாயத்தையும் இணைத்திருக்கிறேன். கேள்விகள் சரியாக இருக்கின்றனவா? கதையைத் தன்மையில் சொல்லலாமா? பார்த்தே இராத ஊரைப் பற்றி எழுதுவது தவறா? விவாகரத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கதை இது.

கா., திருச்சி

அன்புள்ள கா.,

பார்க்காத ஊரைப் பற்றி எழுதலாமா என்பதை விடுங்கள். பார்த்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்களின் லட்சணத்தை நானும் மாதாமாதம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தன்மையா படர்க்கையா என்பது பத்துப் பக்கம் எழுதினால் கைக்கே தெரிந்துவிடும்.

கேள்விகளைப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கப்பல் தலைவியிடம் போய் உன் காயம் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் உங்களைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவாள். அவற்றில் பாதிக்கு மேல் இந்த இரண்டு மூன்று வருடங்களில் உங்களிடம் யாராவது கேட்டிருக்க வேண்டியவை. யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அவற்றைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள் அம்மா, நேரம் வரும்போது நீங்களே பதில் எழுதலாம். அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றாதீர்கள். அவளுக்கு ஏற்கெனவே ஒரு கை இல்லை.

போன அந்தக் கைக்கு அவளுக்கு என்ன கிடைத்தது? 25 கேள்விகளில் இது இல்லை.

எக்ஸ்குமெலின் என்று ஒருவர் இருந்தார். 1660களில் ஒப்பந்தக் கூலியாகக் கரீபியன் கடலில் உள்ள டோர்ட்டுகா தீவுக்குப் போனவர். அங்கே அவரையே விற்றார்கள். முதலில் வாங்கியவன் கொடுமைக்காரன்; நோயில் விழுந்தவரை ஒரு மருத்துவர் வாங்கித் தேற்றிப் பிறகு விடுவித்தார். விடுதலையான கையோடு கொள்ளையர் கூட்டத்தில் சேர்ந்து அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கப்பல் புறப்படும் முன்பே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் அது. வலது கை போனால் 600 ஸ்பானிய வெள்ளி நாணயம் அல்லது ஆறு அடிமைகள். இடது கைக்கு 500 அல்லது ஐந்து பேர். வலது காலுக்கும் அப்படியே. இடது காலுக்கு 400 அல்லது நான்கு பேர். ஒரு கண்ணுக்கு 100 அல்லது ஓர் ஆள். ஒரு விரலுக்கும் அதே விலை.

காயம் ஆற ஆறு பேர். தமிழில் இப்படி ஒரு சிலேடை வந்து விழுகிறது, ரசிக்க முடியவில்லை. விற்கப்பட்டு, நோயில் கிடந்து, குணமாகி, விடுதலையான மனிதர் இதை மளிகைக் கணக்குப் போல எழுதி வைத்திருக்கிறார். தலைவனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், கொள்ளையைப் பங்கு பிரித்தார்கள், ஊனமானவனுக்கு இழப்பீடு கொடுத்தார்கள், ஆகவே அவர்கள் விடுதலை வீரர்கள் என்று கொண்டாடுகிறவர்கள் அந்த ‘அல்லது’ வரைக்கும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் கதைக்கு இது நாற்பது வருடம் முந்தையது என்பீர்கள். சரி, 1722க்கு வாருங்கள். பார்த்தலோமியு ராபர்ட்ஸ் என்ற கொள்ளைத் தலைவனின் ஆட்கள் பிடிபட்டபோது வெள்ளையர்கள் மீது வழக்கு நடத்தி 52 பேரைத் தூக்கில் போட்டார்கள். அதே கப்பல்களில் இருந்த கறுப்பர்களுக்கு வழக்கும் இல்லை, தூக்கும் இல்லை. விற்றுவிட்டார்கள்.

என் அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நின்றவர். 1974, காலண்டர் சீசன். காகிதக் கட்டைத் தட்டிச் சரிசெய்யும்போது கத்தி இறங்கி வலது கை ஆள்காட்டி விரல் போய்விட்டது. முதலாளி வீட்டுக்கு வந்து ஒரு கவரும் வேட்டியும் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் ஒரு பட்டியல் உண்டு: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கே தெரியும். அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. கொள்ளைக்காரர்களாவது முன்கூட்டியே எழுதி வைத்தார்கள்.

காயம் மூன்று மாதத்தில் ஆறிவிட்டது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ அவருக்கு அந்த விரல்தான் பழக்கம். டப்பியைத் திறப்பார், இல்லாத விரலை நீட்டுவார், கொஞ்சம் பார்ப்பார், பிறகு சுண்டுவிரலால் எடுப்பார். சாகும்வரை அப்படித்தான். அந்த மூன்று மாதமும் மெஷினில் எங்கள் தெருப் பையன் ஒருவனை அரைச் சம்பளத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். கவரில் இருந்த பணம் அவன் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததுதான் என்பாள் அம்மா. அவன் எதிரே வந்தால் அப்பா தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

எங்கேயோ போய்விட்டேன். ஆன் போனியையும் மேரி ரீடையும் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். 1720 நவம்பர் 28 அன்று ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனில் அவர்கள் மீது நடந்த விசாரணையில் டோரதி தாமஸ் சொன்ன சாட்சியம் கண்ணில் படவில்லையா? சாமான்களோடு தோணியில் போனவளை வழிமறித்தார்கள். ஆண்களின் சட்டையும் கால்சட்டையும் போட்டு, தலையில் கைக்குட்டை கட்டி, வெட்டுக்கத்தியும் துப்பாக்கியுமாக நின்ற அந்த இரண்டு பெண்களும், இவளை விட்டால் நாளைக்குச் சாட்சி சொல்வாள், கொன்றுபோடுங்கள் என்று ஆண்களைத் திட்டினார்களாம். அவள் பிழைத்தாள். சாட்சியும் சொன்னாள்.

உங்கள் முதல் அத்தியாயத்தில் காற்று இருக்கிறது, நிலவு இருக்கிறது, கூந்தல் மூன்று இடத்தில் பறக்கிறது. அந்தத் தோணிக்காரி எங்கே? உங்கள் தலைவி 600 நாணயம் வாங்கினாளா, ஆறு பேரையா? ஆறு பேர் என்றால் அவளுக்குக் கட்டு மாற்றியது அவர்களில் யார்? அந்த ஆளிடம் முதலில் பேட்டி எடுங்கள். இரண்டாம் அத்தியாயத்தை அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்.

பி.கு.: மூன்றாம் பக்கத்தில் மாலுமி தீக்குச்சி உரசிச் சுருட்டைப் பற்ற வைக்கிறான். உரசினால் பற்றும் தீக்குச்சி 1827இல்தான் விற்பனைக்கு வந்தது. சிவகாசிக்காரனிடமா?