மழை வருமா என்ற கேள்வியும், வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் வானிலை பற்றிய கடிதங்கள் இப்பகுதிக்கு மிகுதியாக வருகின்றன. அவற்றுள் முன்னறிவிப்பைத் தொழிலிலும் பொதுச் சேவையிலும் பயன்படுத்துவது குறித்த நான்கு கேள்விகளை மட்டும் இவ்விதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் சிறிய அளவில் உப்பளம் நடத்துகிறேன். கைபேசியில் "மழைக்கு 40 சதவீத வாய்ப்பு" என்று காட்டுகிறது. வானொலியில் "ஓரிரு இடங்களில் மழை" என்கிறார்கள். இவற்றை வைத்துக்கொண்டு பாத்தியில் விளைந்த உப்பை அவசரமாக வாருவதா, விட்டுவைப்பதா என்று எப்படி முடிவு செய்வது? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: முதலில் சொற்களின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். "ஓரிரு இடங்களில்" என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறை வரையறுத்துப் பயன்படுத்தும் சொல். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோ மழை பதிவாகும் என்பதே அதன் பொருள். "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கு மேல். ஆகவே ஓரிரு இடங்களில் மழை என்று அறிவிக்கப்பட்ட நாளில் உங்கள் ஊரில் ஒரு துளியும் விழாவிட்டால், அறிவிப்பு பொய்த்துவிட்டது என்று கொள்ள இயலாது. அதுபோலவே 40 சதவீதம் என்பது, இதே நிலைமை நிலவும் பத்து நாட்களில் ஏறத்தாழ நான்கு நாட்கள் மழை பெய்யும் என்பதைக் குறிக்கிறது.

இனி முடிவுக்கு வருவோம். கூடுதல் ஆட்களை அழைத்து உப்பை வாரி, அம்பாரத்தைத் தார்ப்பாயால் மூடுவதற்கு ஆகும் செலவு 20,000 ரூபாய் என்றும், மூடாமல் விட்டு மழை பெய்தால் கரைந்துபோகும் உப்பின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். செலவு இழப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம். மழை வாய்ப்பு இந்த 20 சதவீதத்தைத் தாண்டும் நாட்களிலெல்லாம் வாரி மூடுவதே நீண்ட காலத்தில் உங்களுக்கு இலாபம். பாத்தியில் உள்ள உப்பின் மதிப்பு 30,000 ரூபாய் மட்டுமே என்றால், அதே 40 சதவீத அறிவிப்பைப் பார்த்துவிட்டு நீங்கள் சும்மா இருப்பதே சரி. அறிவிப்பு ஒன்றுதான், பக்கத்து உப்பளக்காரர் எடுக்கும் முடிவும் நீங்கள் எடுக்கும் முடிவும் வேறாக இருக்கலாம், இரண்டும் சரியாகவும் இருக்கலாம். உங்கள் எல்லை எத்தனை சதவீதம் என்பதை மேகம் திரளாத ஓர் அமைதியான நாளில் கணக்கிட்டு எழுதி வைத்துவிடுங்கள். வானம் கறுத்த பிறகு போடும் கணக்கில் அச்சமும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் காற்று சுழற்றி அடிக்கும்போதும் சில காற்றாலைகள் நிற்பதைக் காண்கிறோம். காற்று வரும் என்பது முன்கூட்டியே தெரியும் அல்லவா? பிறகு ஏன் இந்த வீணடிப்பு? (தென்காசி வாசகி)

பதில்: உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பழுது, பராமரிப்பு போன்ற காரணங்களால் நிற்பவை ஒருபுறம் இருக்க, மின்தொகுப்பால் ஏற்க இயலாமல் நிறுத்தப்படுபவையும் உண்டு. காற்றை முன்னறிவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் ஏன் கடினம் என்பதும் அங்கேதான் விளங்கும்.

மின்தொகுப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருந்தாக வேண்டும். இல்லையெனில் 50 ஹெர்ட்ஸ் என்னும் அலைவெண் ஏறும் அல்லது இறங்கும். இதற்காக ஒரு நாள் 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தரும் என்று முந்தைய நாளே அட்டவணை போடப்படுகிறது. அன்றைய தினம் அது திருத்தப்படவும் செய்கிறது. நிலக்கரியில் இயங்கும் அலகு ஒன்றை முழுவதும் நிறுத்திவிட்டால், குளிர்ந்த கொதிகலனை மீண்டும் சூடாக்கி உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் அதன் உற்பத்தியை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. எனவே, நாளை பிற்பகல் காற்று வலுக்கும் என்பது இன்றே நம்பத்தக்க முறையில் தெரிந்தால் மட்டுமே, அனல்மின் அலகுகளைக் குறைத்துக் காற்றுக்கு இடம் ஒதுக்க முடியும். தெரியாவிட்டால் அனல் மின்சாரமும் காற்று மின்சாரமும் ஒரே நேரத்தில் மின்தொகுப்புக்கு வந்து சேரும். அப்போது உடனடியாக நிறுத்தக்கூடியதாக இருப்பது காற்றாலைதான்.

கடினம் எங்கே இருக்கிறது என்றால், காற்றாலை தரும் ஆற்றல் காற்றின் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை, அதாவது வேகத்தை அதே வேகத்தால் இருமுறை பெருக்கினால் வரும் அளவைப் பொறுத்து அமைகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகம் எதிர்பார்க்கப்பட்டு 8 மீட்டர்தான் வீசியது என்று கொள்ளுங்கள். வேகக் கணிப்பில் பிழை ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றலோ எதிர்பார்த்ததில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். உங்கள் பகுதிக்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்கிறது. தெற்கே ஆரல்வாய்மொழியிலும் வடக்கே பாலக்காட்டுக் கணவாயிலும் இதே கதைதான். மலை இடுக்கில் நெருக்குண்டு விரையும் காற்றை, பல கிலோமீட்டர் பரப்பை ஒரு புள்ளியாகப் பார்க்கும் வானிலைக் கணிப்புக் கணினி நிரல் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால்தான் பொதுவான வானிலைக் கணிப்பை எடுத்து, அந்தந்தக் காற்றாலைத் தொகுப்பில் கடந்த காலத்தில் பதிவான உண்மை உற்பத்தியோடு ஒப்பிட்டுத் திருத்தி, அதற்கென்றே தனிக் கணிப்பு தயாரிக்கிறார்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் தமிழகத்துக்கு இப்பணியைச் செய்துவருகிறது.

கணிப்பின் எஞ்சிய பிழையைத் தாங்கிக்கொள்வதற்கு நீர்மின் நிலையங்கள் உதவுகின்றன. அவற்றைச் சில நிமிடங்களில் இயக்கவும் நிறுத்தவும் இயலும். காடம்பாறையில் உள்ள 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம், மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணையின் நீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் அருமையான ஏற்பாடு. இத்தகைய சேமிப்பு மாநிலத்தில் இன்னும் பல மடங்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பெருமழை வரும் என்று அறிவித்த பிறகும் ஏரி நிரம்பும் வரை காத்திருப்பது ஏன்? இரண்டு நாட்கள் முன்பே செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டால் அடையாற்றங்கரை மக்கள் தப்பலாமே? (சென்னை சைதாப்பேட்டை வாசகர்)

பதில்: 2015 டிசம்பர் 1-ஆம் தேதி நள்ளிரவை அனுபவித்தவர் கேட்கும் கேள்வி இது என்று உணர்கிறேன். அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அணை மேலாண்மை மீது எழுந்த விமரிசனங்களில் பெரும்பகுதி நியாயமானவை. ஆயினும் "முன்பே திறந்துவிடுவது" எவ்வளவு நேரம் பிடிக்கும் செயல் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குத் தீங்கு நேராத அளவாக விநாடிக்கு 5,000 கன அடி வெளியேற்றுவதாகக் கொண்டால், ஒரு நாளில் 432 மில்லியன் கன அடிதான் குறையும். ஆயிரம் மில்லியன் கன அடிக்கு இடம் ஏற்படுத்த இரண்டேகால் நாளுக்கு மேல் ஆகும். அதாவது முடிவு மழைக்கு மூன்று நாட்கள் முன்னதாக எடுக்கப்பட வேண்டும். அந்த நேரத்தில் வானிலையாளரால் வடகடலோரப் பகுதியில் மிகக் கனமழை பெய்யும் என்று சொல்ல இயலும். இந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில்தான் பெய்யும், இத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்று சொல்வது கடினம். அன்று தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாயிற்று. அம்மழை வட்டம் சற்று விலகிப் பெய்திருந்தால், முன்கூட்டி வெளியேற்றிய நீர் திரும்பி வந்திருக்காது. அதன் விலை என்ன என்பதை 2019 கோடையில் கண்டோம். நகரின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது.

இந்த இக்கட்டைக் குறைக்கும் வழி, ஒரே கணிப்பை நம்பாமல், கணிப்பின் தொடக்கமாகக் கொடுக்கும் வளிமண்டல நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பலமுறை கணினியை ஓட்டிப் பார்ப்பது. இருபது ஓட்டங்களில் பதினைந்து ஒரே நீர்ப்பிடிப்பில் பெருமழையைக் காட்டினால் திறக்கலாம். மூன்று மட்டும் காட்டினால் காத்திருக்கலாம். எத்தனைக்குத் திறப்பது, யார் உத்தரவிடுவது என்பவை பருவம் தொடங்கும் முன்பே அணை இயக்க விதிகளில் எழுத்தாக இருக்க வேண்டும். நள்ளிரவில் பொறியாளர் ஒருவர் தம் பொறுப்பில் முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிடுவது அவருக்கும் அநீதி, உங்களுக்கும் அநீதி.

கேள்வி: துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்களைக் கடலில் இருப்பவர்கள் எப்படி அறிவார்கள்? (கன்னியாகுமரி மாவட்ட வாசகி)

பதில்: அறிய முடியாது. 1 முதல் 11 வரையிலான அக்குறியீடுகள் துறைமுகத்துக்கும் அதைச் சார்ந்த கப்பல்களுக்கும் உரியவை. 1, 2 ஆகியவை தொலைதூர எச்சரிக்கை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் மிகக் குறுகிய நேரத்தில் வலுவடைந்தபோது, உங்கள் மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் கைபேசிக் கோபுரங்கள் எட்டாத தொலைவில் பல நாள் தங்கலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையோடு நின்றுவிட்டது. அந்தத் துயரத்துக்குப் பிறகு, 2019-இல் ஜெமினி என்னும் கருவி அறிமுகமாயிற்று. ககன் என்னும் இந்தியச் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பின் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, படகில் உள்ளவரின் கைபேசிக்கு அனுப்புவது அதன் வேலை. அக்கருவி செய்தியை வாங்கும், படகிலிருந்து பதில் அனுப்பாது. ஆகையால் உங்கள் வீட்டவர் கடலுக்குச் செல்பவரானால், படகில் அது இருக்கிறதா, மின்னேற்றம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதோடு, ஆபத்து நேர்ந்தால் செய்தி அனுப்பும் தனிக் கருவியும் இருக்கிறதா என்று புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.